கொட்டும் பனியில் லைட் ரயில்: ஸ்கார்பரோவின் அடுத்த தடத்துக்கு எதைத் தேர்வது?

சப்போரோவில் ஒரு குளிர்காலத்துக்கு ஏறத்தாழ 5 மீட்டர் பனி கொட்டும். அந்த ஜப்பானிய நகரத்தில் தெருவோடு ஓடும் டிராம் அதற்கு நடுவிலும் ஓடுகிறது. டொராண்டோவில் விழுவது அதில் கால் பங்குதான். ஆனாலும் அதன் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் 1985இல் திறந்த ஸ்கார்பரோ ஆர்டி என்ற நகர ரயில், சாலைக் குறுக்கீடே இல்லாத தனித் தடத்தில் ஓடியும், பனி வலுத்த நாட்களில் நிறுத்தப்பட்டது. பயணிகள் மாற்றுப் பேருந்துக்கு வரிசையில் நின்றார்கள். 2023 ஜூலை 24 அன்று ஒரு பெட்டி தடம்புரண்டதோடு அந்தத் தடம் நிரந்தரமாக மூடப்பட்டது. அந்த விபத்துக்குப் பனி காரணமல்ல. ஆனால் முப்பத்தெட்டு ஆண்டுகளும் அந்த ரயில் குளிர்காலத்தில் நம்ப முடியாததாகவே இருந்தது.

எவ்வளவு பனி விழுகிறது என்பதை வைத்து ஒரு ரயில் நிற்குமா ஓடுமா என்று சொல்லிவிட முடியாது. மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கிறது, ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்களை யார், எப்படிச் சூடாக வைத்திருக்கிறார்கள், இரவில் வண்டி எங்கே நிற்கிறது ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கின்றன. கென்னடி நிலையத்திலிருந்து கிங்ஸ்டன் சாலை, மார்னிங்சைட், டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகம் வழியாக மால்வர்ன் பக்கம் போகும் எக்ளின்டன் கிழக்கு லைட் ரயில் (டிராமுக்கும் சுரங்க ரயிலுக்கும் இடைப்பட்ட நகர ரயில்) திட்டம் நகராட்சியின் கையில் இருக்கிறது. அந்த வழி நெடுகத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பொதுக் கருத்துக் கூட்டங்களில் நிலையத்தின் பெயர், மரம் வெட்டுவது, வாகன நெரிசல் எல்லாம் பேசப்படும். பாயிண்ட் சூடேற்றியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் பிப்ரவரி மாதக் காலை 6 மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவருக்கு அதுதான் முக்கியம். ஆகவே ஒவ்வொரு தேர்வாக எடுத்து, எதில் எது கெடும், ஏன் கெடும் என்று பார்ப்போம்.

மின்சாரம்: கீழிருந்தா, மேலிருந்தா?

மூன்று வழிகள் உண்டு. தடத்துக்குப் பக்கத்தில் மின்சாரத் தண்டவாளம் வைப்பது. அதோடு நேரியல் மோட்டாரும் சேர்ப்பது. தலைக்கு மேல் கம்பி கட்டி, வண்டியின் கூரையிலிருந்து அதை உரசிக்கொண்டே வரும் பான்டோகிராஃப் என்ற கை வழியாக எடுப்பது.

ஸ்கார்பரோ ஆர்டி இரண்டாவது வகை. சக்கரத்தை மோட்டார் சுழற்றாது. பெட்டிக்கு அடியில் இருக்கும் மோட்டார், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே படுத்திருக்கும் அலுமினியப் பட்டையைக் காந்தப் புலத்தால் தள்ளி வண்டியை நகர்த்தும். மோட்டாருக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது. ஒரு விரல் தடிமன் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டை சாலை போல மல்லாந்து கிடப்பதால் பனி படிவதற்குத் தோதான இடம். படிந்து உறைந்துவிட்டால் வண்டியின் அடிப்பாகத்தில் உரசும். பக்கவாட்டில் ஓடும் இரண்டு மின் தண்டவாளங்களிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பனிக்கட்டி ஏறிவிட்டால் அதை உரசி மின்சாரம் எடுக்கும் உலோகத் துண்டு தொடர்பு இழந்து பொறி பறக்கும். ஒரே பனிப்பொழிவு இரண்டு இடத்தில் அடிக்கிறது. பராமரிப்பவர்கள் எவ்வளவு உழைத்தாலும் இந்த அமைப்பு அவர்களுக்கு எதிராகவே நிற்கும்.

இதே குடும்பத்து ரயில்தான் வன்கூவரின் ஸ்கைடிரெயின். அங்கே கடுங்குளிர் நாட்களில் இரவு முழுக்க ரயில்களை ஓடவிட்டுத் தண்டவாளத்தில் பனிக்கட்டி ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஓட்டுநர் இல்லாத ரயில் அது. தடத்தில் யாரோ நுழைந்துவிட்டதாகப் பனிக்கட்டி விழுந்ததற்கும் எச்சரிக்கை அடிக்கும் என்பதால், பனி நாட்களில் பணியாளர்களை வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். மிதமான குளிர் உள்ள கடலோர நகரத்துக்கே இவ்வளவு வேலை என்றால் ஒன்டாரியோவுக்கு அது உகந்ததல்ல.

சாதாரண மூன்றாம் தண்டவாளமும் வெட்டவெளியில் பெரிய ஆறுதல் இல்லை. பாஸ்டனில் 2014–15 குளிர்காலத்தில் சுமார் 280 செ.மீ. பனி விழுந்தது. 2015 பிப்ரவரி 9 மாலையில் நகரின் எல்லா ரயில்களையும் நிறுத்தி, மறுநாளும் ஓடவிடவில்லை. மிக மோசமாக அடிபட்டவை மூன்றாம் தண்டவாளத்தில் திறந்தவெளியில் ஓடிய பகுதிகள். தண்டவாளத்தில் பனிக்கட்டி ஏறியது. அது போதாதென்று, பழைய பெட்டிகளின் நேர்மின்னோட்ட (டிசி) மோட்டார்கள் தம்மைக் குளிர்விக்க இழுக்கும் காற்றோடு தூள் பனியையும் இழுத்து, அது உள்ளே உருகிச் சுருளை எரித்தது. ஈரப்பனியை விட மாவு போன்ற உலர்பனி மோட்டாருக்கு ஆபத்து. காற்று வடிகட்டியில் சிக்காமல் உள்ளே போவது அதுதான்.

மேல்நிலைக் கம்பிக்குப் பனிப்பொழிவு ஒரு பொருட்டே இல்லை. கம்பியின் தடிமன் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். அதன்மேல் பனி நிற்காது. அதன் எதிரி உறைமழை. தரையை விட மேலே காற்று வெதுவெதுப்பாக இருக்கும் நாளில் மழைத் துளி கம்பியைத் தொட்டதும் கண்ணாடியாக உறையும். ஒட்டாவாவின் லைட் ரயிலான கான்ஃபெடரேஷன் தடம் 2023 ஜனவரித் தொடக்கத்தில் இப்படித்தான் முடங்கியது. ரயில்கள் நடுவழியில் நின்றன. தடத்தின் ஒரு பகுதியில் பல நாள் சேவை இல்லை.

ஆனால் உறைமழைக்கு மருந்து உண்டு. அடிக்கடி ரயில் ஓடும் கம்பியில் பனிக்கட்டி தடிக்க நேரம் கிடைக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பான்டோகிராஃப் உரசிக்கொண்டே போனால் போதும். ஆபத்து சேவை நின்றிருக்கும் இரவு 1 மணி முதல் 5 மணி வரை. அந்த நேரத்தில் இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒரு வெற்று ரயிலை இரு திசையிலும் ஓடவிட வேண்டும். அதோடு சில வண்டிகளிலாவது பனிக்கட்டி சுரண்டும் உலோகப் பட்டை வைத்த இரண்டாவது பான்டோகிராஃப் வேண்டும். முன்னது சுரண்டும், பின்னது மின்சாரம் எடுக்கும். ஒரே பான்டோகிராஃப் இரண்டையும் செய்தால் கார்பன் பட்டை பொறியில் கருகிப் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த பட்டை பிறகு கம்பியையே அறுக்கும். ஆகவே இந்தத் தேர்வில் தயக்கமே வேண்டாம்: மேல்நிலைக் கம்பி.

பாயிண்ட்: முழுச் சண்டையும் இங்கேதான்

பனி நாளில் ரயில் நின்றால் பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒரு பாயிண்ட்தான். கூர்மையாகச் சீவிய நாக்குத் தண்டவாளம் ஒன்று நிலையான தண்டவாளத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவே நான்கைந்து மில்லிமீட்டர் பனிக்கட்டி மாட்டினாலும் பூட்டு விழாது. பூட்டு விழுந்தது என்ற செய்தி வராவிட்டால் சிக்னல் பச்சை காட்டாது. பின்னால் வரும் எல்லா ரயிலும் நிற்கும்.

சூடேற்றி எவ்வளவு வெப்பம் தர வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 2 செ.மீ. வீதம் புதுப்பனி விழுகிறது. கனமீட்டருக்கு 100 கிலோ அடர்த்தி. அப்படியென்றால் ஒரு சதுர மீட்டரில் மணிக்கு 2 கிலோ. மைனஸ் 10 டிகிரியிலிருந்து சூடாக்கி உருக்கக் கிலோவுக்கு ஏறத்தாழ 355 கிலோஜூல். சதுர மீட்டருக்கு 200 வாட் போதும் என்றாகிறது. பாயிண்டின் முக்கியப் பரப்பு 6 சதுர மீட்டர் என்றால் 1.2 கிலோவாட். தண்டவாளத்தில் மீட்டருக்கு 300 முதல் 500 வாட் தரும் மின் பட்டைகளைப் பொருத்தினால் இதைப் போலப் பல மடங்கு கிடைக்கிறதே, பிறகு ஏன் உறைகிறது?

ஏனென்றால் பனி மேலிருந்து மட்டும் வருவதில்லை. காற்று அடித்துக் குவிக்கும் பனி விழும் பனியைப் போலச் சில மடங்கு இருக்கும். அதே காற்று தண்டவாளத்தின் சூட்டையும் அள்ளிக்கொண்டு போகும். பட்டை தரும் வெப்பத்தில் பெரும்பகுதி இரும்புக்கும் கீழே உள்ள ஜல்லிக்கும் போய்விடுகிறது. மூன்றாவது காரணத்தைத்தான் வடிவமைப்பில் மறந்துவிடுகிறார்கள். ரயிலின் அடிவயிற்றில் கெட்டித்துத் தொங்கும் பனிக்கட்டிகள் பாயிண்டைக் கடக்கும் அதிர்ச்சியில் கழன்று நேராக நாக்கின் இடைவெளியில் விழுகின்றன. 5 கிலோ கட்டி ஒன்றை உருக்க 1,775 கிலோஜூல் வேண்டும். பட்டையிலிருந்து அந்தக் கட்டிக்கு 1 கிலோவாட் போய்ச் சேர்ந்தாலும் அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஆறு ரயில்கள் பின்னால் நின்றிருக்கும்.

ஒட்டாவா இதை விலை கொடுத்துக் கற்றது. 2019 செப்டம்பர் 14 அன்று 12.5 கி.மீ., 13 நிலையங்களோடு திறந்த தடம் முதல் குளிர்காலத்திலேயே பாயிண்ட்களில் தடுமாறியது. மின் சூடேற்றிகள் ஈடுகொடுக்காத இடங்களில் எரிவாயு சூடேற்றிகளை வைத்தார்கள். ஆண்டுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் பனி பெய்யும் நகரத்தில் இந்த மாற்றம் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டியது.

எரிவாயு வகை இயங்குவது வேறு விதம். பக்கத்தில் ஒரு பெட்டியில் எரிவாயு எரியும். விசிறி அந்தச் சூடான காற்றைக் குழாய் வழியே நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஊதும். வட அமெரிக்கச் சரக்கு ரயில் தடங்களில் இத்தகைய பெட்டிகள் 100 கிலோவாட்டையும் தாண்டும். உருக்குவதற்கு முன்பே தூள் பனியை ஊதித் தள்ளிவிடுவது இதன் பெரிய பலம்.

அதற்காக எல்லா இடத்திலும் எரிவாயுதான் என்று சொல்லிவிட முடியாது. சாலையோரத்தில் எரிவாயுக் குழாய் வர வேண்டும். பெட்டிக்கு இடம் வேண்டும். தீப்பற்றவைக்கும் பகுதி குளிரில் அடம்பிடிக்கும். காற்று உள்ளே போகும் வலை பனியால் அடைபட்டால் அது தானாக அணைந்துவிடும். சாலைக்கு நடுவே கான்கிரீட்டில் புதைத்த பாயிண்டுக்கு ஊதுகுழாய் வைப்பது கடினம். அங்கே மின் பட்டைதான். ஆனால் பட்டைக்கு அதற்கே உரிய நோய்கள். அதிர்வில் பிடிப்புக் கிளிப் தளர்ந்து பட்டை இரும்பிலிருந்து சற்று விலகினாலே வெப்பத்தில் பெரும்பங்கு காற்றுக்குப் போய்விடும். சாலை உப்புநீர் இணைப்புப் பெட்டிக்குள் இறங்கினால் கசிவுக் காப்பு இயங்கி மின்சாரம் துண்டிக்கும். அது பெரும்பாலும் பனி கொட்டும் நேரத்தில்தான் நடக்கும். பனி உணரியை மட்டும் நம்பினால், காற்றில் பறந்து வரும் பனியை அது கவனிக்காது.

இன்னொன்றையும் நெருங்கிப் பார்க்க வேண்டும்: உருகிய நீர் எங்கே போகிறது? சூடேற்றி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, நீர் பாயிண்ட் தொட்டியில் தேங்குகிறது, வடிகால் குழாய் உறைந்திருக்கிறது. நள்ளிரவில் வெப்பநிலை இறங்கியதும் அந்த நீர் நாக்கை இயக்கும் கம்பியைச் சுற்றி ஒரே பாளமாக உறைகிறது. மோட்டாரின் பலத்தால் அதை அசைக்க முடியாது. வடிகாலுக்கும் சூடேற்றும் கம்பி வேண்டும், குழாய் உறைநிலை ஆழத்துக்குக் கீழே இறங்க வேண்டும். மலிவான வேலை இது. வரைபடத்தில் இதற்கென்று ஒரு கோடு இல்லையென்றால் அடுத்த முப்பது ஆண்டும் ஒருவர் சுடுநீரும் கடப்பாரையுமாக நிற்க வேண்டியதுதான்.

பரிந்துரை இப்படி: தனித் தடத்தில், முனையங்களில், பணிமனை வாயிலில் எரிவாயு ஊதி; சாலை நடுவே புதைத்த இடங்களில் மீட்டருக்கு 500 வாட் பட்டையும் சூடான வடிகாலும்; ஒவ்வொரு பட்டையின் மின்னோட்டமும் கட்டுப்பாட்டு அறையில் தெரிய வேண்டும். முன்னறிவிப்பு வந்ததுமே, முதல் துளி விழுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சூடேற்ற வேண்டும். குளிர்ந்த இரும்பைப் பனிக்கு நடுவில் சூடாக்கப் பார்ப்பது வீண்.

பாயிண்ட் எத்தனை வேண்டும் என்பதிலும் ஒரு இழுபறி இருக்கிறது. குறைவாக வைத்தால் கெடுவதும் குறைவு. ஆனால் நடுவழியில் ஒரு ரயில் நின்றுவிட்டால், மற்றவற்றைத் திருப்பி அனுப்ப வழி இருக்காது. ஒரே கோளாறில் முழுத் தடமும் போய்விடும். மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஒரு குறுக்குத் தடம் இருப்பது நல்லது. புயல் அறிவிப்பு வந்ததும் அவற்றில் தேவையில்லாதவற்றை நேர்த்தடத்தில் பூட்டிவைத்துவிட வேண்டும். தேவைப்பட்டால் ஆள் போய்த் திறக்கலாம். டொராண்டோவின் பழைய டிராம்களில் ஓட்டுநரே இறங்கி இரும்புக் கோலால் பாயிண்டை நெம்பித் தள்ளிவிட்டுப் போவார். கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் ரயிலில் அந்த வசதி இல்லை. நெறிமுறை எழுதி, ஆள் பழக்கிவைத்தால்தான் கிடைக்கும்.

தடம்: தெருவிலா, ஜல்லியிலா, மேம்பாலத்திலா?

தெருவில் புதைத்த தண்டவாளத்தில் சக்கர விளிம்புக்கென ஒரு பள்ளம் இருக்கும். அகலமும் ஆழமும் சுமார் 4 செ.மீ. பனி, மணல், உப்பு மூன்றும் கலந்த சேறு அதில் இறங்கி, வண்டிச் சக்கரங்கள் அமுக்க அமுக்கக் கான்கிரீட் மாதிரி இறுகும். சக்கர விளிம்பு அதன்மேல் ஏறினால் தடம்புரளும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் சக்கரம் இரும்பைத் தொடாமல் மின்சுற்று அறுபடும்.

ஜல்லித் தடத்தில் அந்தப் பள்ளமே கிடையாது. பனி தண்டவாளத்தின் தலைக்குக் கீழே இறங்கிக் கிடக்கும், 20 செ.மீ. வரை வண்டியே தள்ளிக்கொண்டு போகும். கல்கரி 1981இலிருந்தும் எட்மன்டன் 1978இலிருந்தும் மைனஸ் 30 டிகிரியில் ஓட்டிக்காட்டுவது பெரும்பாலும் இத்தகைய தனித் தடத்தில்தான்.

ஆனால் கிங்ஸ்டன் சாலையில் ஜல்லி போட நடுத்திட்டு கிடைத்தாலும், ஒவ்வொரு சந்திப்பிலும் தடம் சாலையோடு சமமாக வந்தே ஆக வேண்டும். அங்கே நடப்பதைக் கவனியுங்கள். நகராட்சியின் பனி வாரும் லாரி சாலையைச் சுத்தம் செய்து, பனியை ஓரமாகத் தள்ளும். சந்திப்பில் அந்த ஓரம் என்பது ரயில் தடம். ரயில் தரப்பு வாரியதை லாரி திரும்பக் கொட்டும். லாரி வாரியதை ரயில் தரப்பு திரும்பச் சாலையில் தள்ளும். இருவருக்கும் ஒப்பந்ததாரர் வேறு வேறு என்றால் புயல் நாளில் பொறுப்பு யாருடையது என்பதே தெரியாது. தடம், நிறுத்தம், நிறுத்தத்துக்கு நடந்து போகும் கடவை மூன்றையும் ஒரே கையில் கொடுக்காமல் இது தீராது. தடம் ஓடுகிறது, ஆனால் சக்கர நாற்காலியில் வருகிறவரால் முழங்கால் உயரப் பனி மேட்டைத் தாண்டி நிறுத்தத்துக்கு வர முடியவில்லை என்றால் அவருக்கு ரயில் ஓடவில்லை என்றுதான் பொருள்.

டொராண்டோ நகர மையத்தில் இன்னொரு தொல்லை. ஓரத்தில் பனி மேடு இருப்பதால் கார்கள் தள்ளி நிறுத்தப்பட்டு டிராமின் வழியை மறிக்கின்றன. தடமும் கம்பியும் வண்டியும் நன்றாக இருக்க, ஒரு காரின் பின்பக்கம் அரை அடி நீட்டிக்கொண்டிருப்பதால் வரிசையாக டிராம்கள் நிற்கும். நடுத்திட்டில் தடுப்புக் கல் வைத்து ஓடும் தடத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. எக்ளின்டன் கிழக்கில் செலவைக் குறைக்க எங்காவது பொதுச் சாலையில் கலந்து ஓடலாம் என்று யாராவது சொன்னால் எதிர்க்க வேண்டிய இடம் அது.

மேம்பாலத்தில் பனி குறைவாகக் குவியும், காற்று அள்ளிக்கொண்டு போகும். ஆனால் இருபுறமும் உயரமான சுவர் இருந்தால் அது தொட்டியாகிவிடும். வாரிய பனியைக் கீழே சாலையில் தள்ளவும் முடியாது. சப்போரோ இதற்குக் கண்ட வழி முழுதாக மூடிவிடுவது. 1972 குளிர்கால ஒலிம்பிக்கை முன்னிட்டு 1971 டிசம்பரில் திறந்த அதன் நம்போகு சுரங்க ரயில், தெற்கே மகோமனாய் நோக்கி மேம்பாலத்தில் ஏறுகிறது. அந்தப் பகுதி முழுவதும் அலுமினியக் கூண்டுக்குள் ஓடுகிறது. ரப்பர் சக்கரமும் மூன்றாம் தண்டவாளமும் கொண்ட அந்த ரயிலுக்கு வேறு வழியும் இல்லை. நன்றாக வேலை செய்கிறது. 18 கிலோமீட்டர் புறநகர் சாலைக்கு அது கட்டுபடியாகாது. செங்குத்தான சரிவு, பணிமனை வாயில் போன்ற குறிப்பிட்ட இடங்களில் பாயிண்டுக்கு மேல் கூரை போடுவது மட்டும் யோசிக்கத்தக்கது.

வண்டி

கல்கரியும் எட்மன்டனும் முதலில் வாங்கியவை ஜெர்மனியின் யு2 வண்டிகள். தளம் தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம். கருவிகள் தளத்துக்கு அடியில். சக்கரத் தாங்கிகளைச் சுற்றி இடம் தாராளம். பனி ஒட்டினாலும் உரசாது. இன்றைய நகரங்கள் வாங்குவது தாழ்தள வண்டி. தளம் 35 செ.மீ. அளவில். ஏறுவது எளிது, நிறுத்தம் கட்டுவது மலிவு. எட்மன்டனே 2023 நவம்பரில் திறந்த வேலி தடத்துக்குத் தாழ்தளம்தான் எடுத்தது.

தாழ்தளத்தில் கருவிகள் எல்லாம் கூரைக்குப் போகின்றன. சாலைச் சேற்றிலிருந்து தப்பிவிட்டன என்று தோன்றும். ஆனால் கூரையில் பனி உட்கார்ந்து, கருவியின் சூட்டில் உருகி, உப்புத் தூளையும் கார்பன் தூளையும் கரைத்துக்கொண்டு இணைப்புகளில் இறங்கும். ஒட்டாவாவில் முதல் குளிர்காலத்தில் கூரை மேலிருந்த மின்தூண்டிகள் (இண்டக்டர் என்ற மின்கருவிகள்) பழுதாகி வண்டிகள் வரிசையாகப் பணிமனைக்குப் போயின. சேவைக்கு வேண்டிய எண்ணிக்கையே தேறாத நாட்கள் இருந்தன. சிட்டாடிஸ் ஸ்பிரிட் என்ற அந்த வகைதான் 2025 டிசம்பரில் திறந்த டொராண்டோ ஃபின்ச் மேற்குத் தடத்திலும் ஓடுகிறது. ஆகவே ஸ்கார்பரோவுக்கு வண்டி எடுப்பவர்கள் ஃபின்ச்சின் குளிர்காலப் பழுதுப் பதிவை மாதவாரியாகக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் புதிய வண்டிகள் தெளிவாக மேல். 2019 இறுதியில் ஓய்வுபெற்ற டொராண்டோவின் பழைய டிராம்கள் அழுத்தக் காற்றில் பிரேக்கும் கதவும் இயக்கின. காற்றிலிருக்கும் ஈரம் குழாயில் உறைந்து, கடுங்குளிர் காலையில் பல வண்டிகள் பணிமனையை விட்டே கிளம்பவில்லை. இப்போதுள்ளவற்றில் அந்தக் குழாய்களே இல்லை.

கேட்டுப் பெற வேண்டியவை: சூடான கதவு வாசற்படி, இல்லாவிட்டால் செருப்பில் ஒட்டி வரும் பனி கதவின் கீழ்த்தடத்தில் இறுகிக் கதவு மூடாது; பிடிப்புக்காகத் தண்டவாளத்தில் தூவும் மணலுக்குச் சூடான பெட்டி, ஏனெனில் ஈர மணல் குழாயில் கட்டிவிடும்; தண்டவாளத்தைக் காந்தத்தால் கவ்விப் பிடிக்கும் பிரேக். உலர் தண்டவாளத்தில் 0.3 அளவில் இருக்கும் பிடிப்பு பனியில் 0.1க்கும் கீழே போகும். மார்னிங்சைட் சரிவில் அந்தக் காந்த பிரேக்தான் வண்டியை நிறுத்தும்.

தாழ்தளமா உயர்தளமா என்றால், தெரு நடுவே நிறுத்தம் கட்டும் ஸ்கார்பரோவுக்குத் தாழ்தளம்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்கு ஈடாக மாற்று வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்க வேண்டும். பத்து வண்டி ஓட வேண்டிய தடத்துக்குப் பன்னிரண்டு வாங்கினால் ஜூலையில் போதும், பிப்ரவரியில் போதாது.

ஓட்டும் முறை

சப்போரோ டிராமின் ரகசியம் ஒரு மூங்கில் துடைப்பம். வண்டியின் முன்னும் பின்னும் சுழலும் உருளை. அதில் கீறிய மூங்கில் குச்சிகளைக் கற்றை கற்றையாகச் செருகியிருப்பார்கள். அதிகாலையில் முதல் பயணிகள் வண்டிக்கு முன்பே கிளம்பி, பனியை இறுகவிடாமல் பக்கவாட்டில் அடித்துத் தள்ளிக்கொண்டு போகும். மூங்கில் வளையும், பள்ளத்துக்குள் இறங்கி எடுக்கும், தேய்ந்தால் மலிவாக மாற்றலாம். 1920களில் வந்த இந்த வண்டி இன்றும் ஓடுவதற்குக் காரணம், பனி இறுகிய பின் எடுப்பதை விட விழும்போதே தள்ளுவது மிக எளிய வேலை என்பதுதான்.

ஸ்கார்பரோவுக்கு மூங்கில் வேண்டாம். நைலான் துடைப்பமும் கலப்பையும் மாட்டிய, சாலையிலும் தடத்திலும் ஓடும் லாரி இரண்டு போதும். அது பணிமனையில் நிற்காமல் தடத்தின் நடுவில் ஓரிடத்தில் நிற்க வேண்டும். வண்டிகளையும் புயல் இரவில் திறந்தவெளியில் வரிசையாக நிறுத்தக் கூடாது. டொராண்டோ சுரங்க ரயில்கள் அப்படிப்பட்ட இரவுகளில் சுரங்கத்துக்குள்ளேயே நிறுத்தி வைக்கப்படுகின்றன. லைட் ரயிலுக்கு அந்த வசதி இல்லாததால், கூரையிட்ட நிறுத்துமிடம் அல்லது இரவு முழுக்க ஓட்டம், இரண்டில் ஒன்று கட்டாயம்.

பேருந்தே போதாதா?

நியாயமான கேள்வி. தனித் தடப் பேருந்துக்குப் பாயிண்டும் கிடையாது, கம்பியும் கிடையாது. ஒரு பேருந்து நின்றால் மற்றது சுற்றிக்கொண்டு போகும். லேசான, நடுத்தரப் பனியில் பேருந்து லைட் ரயிலுக்குச் சமமாகவே ஓடும். கனத்த பனியில் மாறிவிடும். நீளமான இரட்டைப் பேருந்தில் இயங்கு சக்கரம் பின்பாதியில். வழுக்கும் ஏற்றத்தில் அது முன்பாதியைத் தள்ள, வண்டி நடுவில் மடிந்து சாலையை அடைக்கும். கடும் பனியில் செங்குத்தான சரிவுகளில் உள்ள சில நிறுத்தங்களை டொராண்டோவில் தற்காலிகமாக மூடுவது வழக்கம். முழுக்க நிலத்தடியில் ஓடும் சுரங்க ரயிலை எந்தப் பனியும் தொடாது. ஆனால் இப்போது தோண்டப்படும் ஸ்கார்பரோ நீட்டிப்பு மூன்று நிலையங்களோடு ஷெப்பர்ட்–மெக்கோவனில் முடிகிறது. மால்வர்னுக்கும் மார்னிங்சைடுக்கும் அது வராது.

பணம் குறைந்தால் எதை விடுவது?

திட்டச் செலவு ஏறும்போது முதலில் வெட்டப்படுவது கண்ணுக்குத் தெரியாதவைதான். அதனால் வரிசையை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. விடலாம் என்றால் நிறுத்தங்களின் அலங்காரக் கூரை, திரைகள், கலைப்படைப்புகள், ஒன்றிரண்டு நிறுத்தங்கள் கூட. வண்டியின் உள்ளலங்காரம் போகலாம். குறுக்குத் தடங்களில் ஒன்றைக் குறைக்கலாம். மாற்று வண்டிகளைக் குறைக்கச் சொன்னால், ஒரு புயல் நாளில் எத்தனை வண்டி சேவையில் இருக்கும் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாயிண்ட் சூடேற்றியின் வாட்டைக் குறைப்பது, வடிகால் சூடேற்றத்தை விடுவது, இரவு ஓட்டத்துக்கான பணியாளர் செலவை நீக்குவது, கடவைப் பனி வாருவதை வேறு ஒப்பந்தத்துக்குத் தள்ளுவது: இந்த நான்கில் எது பட்டியலில் வந்தாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒப்பந்ததாரருக்கான அபராதமும் ஆண்டுச் சராசரியில் கணக்கிடப்படக் கூடாது. எட்டு மாத நல்ல வானிலை நான்கு மாதத் தோல்வியை மறைத்துவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை தனியாக, காலை 6 முதல் 9 வரை தனியாக, ஓடிய ரயில்களின் விழுக்காட்டைக் கேட்க வேண்டும். தடத்தை ஏற்றுக்கொள்ளும் சோதனை ஓட்டமும் ஒரு முழுக் குளிர்காலத்தைக் கடந்த பிறகே முடிந்ததாகக் கொள்ளப்பட வேண்டும். அதனால் திறப்பு விழா ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.